பதினாறு வெள்ளிக்கிழமைகளின் அரை மணித்தியாலம்

அந்த நாட்களில் எங்களிடம் இரண்டு நேரம் இருந்தது. தெற்கில் ஒருமுறை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள். இயக்கத்தின் கையில் இருந்த வன்னி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் கிளிநொச்சியில் காலை எட்டு மணி என்றால் வவுனியாவில் எட்டரை. எங்களுடையது பழைய நேரம், அவர்களுடையது புதிய நேரம். கலியாணக் கார்டில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் ‘பழைய நேரம்’ என்று போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் வவுனியாவிலிருந்து வந்த என் மாமா ஒருவர், எல்லோருக்கும் முன்னரே வந்து சேர்ந்து, கதிரை அடுக்குகிற வேலை முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

வவுனியாவுக்குப் போகிறவர்கள் எல்லையான ஓமந்தையில் சோதனைக்கு இறங்கி நிற்கும்போது கைக்கடிகாரத்தையும் அரை மணித்தியாலம் முன்னுக்குத் திருகி விடுவார்கள். திரும்பி வரும்போது பின்னுக்குத் திருகுவார்கள். அடையாள அட்டையை எடுத்து நீட்டுவதைப் போல அதுவும் ஒரு பழக்கம். அதைப்பற்றி யாரும் பெரிதாகக் கதைத்ததில்லை.

நான் சொல்ல வருவது 2005ஆம் ஆண்டுக் கதை. கடல் வந்து முல்லைத்தீவை அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம். வீடு கட்டிக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் கிளிநொச்சி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வயது இருபத்திரண்டு. கையில் மூன்று மாதக் கொம்பியூட்டர் வகுப்பின் சான்றிதழ் ஒன்று, மண்டைக்குள் நாட்டையே நடத்தலாம் என்ற நினைப்பு.

என் வேலை, முப்பது பேர் வேலைக்கு வந்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் எக்ஸலில் போட்டு, மேலதிக நேரத்தைக் கணக்கிடுவது. எங்கள் அலுவலகத்தில் மேலதிக நேரத்துக்குக் காசு கிடையாது. எட்டு மணித்தியாலம் சேர்ந்தால் ஒரு நாள் லீவு. ஆகவே நான் தட்டுகிற ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் வீட்டில் நிற்கப்போகிற நாளின் ஒரு துண்டு. இதை இப்போது அழகாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு அது வெறும் எண்தான்.

தொடக்கத்தில் அந்த ஷீட் என்னைப் பாடாய்ப் படுத்தியது. இருபத்தாறு மணித்தியாலத்தைக் கூட்டச் சொன்னால் இரண்டு என்று காட்டும். இருபத்துநான்கு தாண்டியதும் அது புது நாள் தொடங்கிவிட்டதென்று நினைத்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். சாரதிமார் யன்னலுக்கு வெளியே நின்று, “பிள்ளை, எங்கட ஒரு நாளை உந்தப் பெட்டி விழுங்கிப்போட்டுதோ?” என்று பகிடி பண்ணுவார்கள். ஜெனரேற்றர் ஓடுகிற காலை மூன்று மணித்தியாலமும் அதனோடு மல்லுக்கட்டி, ஒரு வழியாகச் சதுர அடைப்புக்குறி போட்டால் சரிவரும் என்று கண்டுபிடித்தேன். அன்று வீட்டில் அம்மாவைப் பிடித்துவைத்து அதை விளங்கப்படுத்தினேன். அம்மா புட்டுக்குழலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றாள்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் அடுத்த வேலையையும் செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் சிலர் காலையில் கிளிநொச்சியில் வேலை தொடங்கி, பின்னேரம் எங்கள் வவுனியா அலுவலகத்தில் முடிப்பார்கள். தொடங்கியது பழைய நேரம், முடித்தது புதிய நேரம். அப்படியே கழித்தால் இல்லாத அரை மணித்தியாலம் ஒன்று கூடிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே பிடித்தேன். முடித்த இடம் வவுனியா என்றிருந்தால் முடித்த நேரத்தில் அரை மணித்தியாலம் கழி என்று ஒரு புது நிரல் போட்டேன். மனேஜர் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரி” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதன் பிறகு அலுவலகத்தில் எனக்கு மணிக்கூட்டுப் பிள்ளை என்று பட்டம். கோபப்படுகிற மாதிரி நடித்தேன், உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன். அடுத்த வருடமே தெற்கும் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது, அந்த நிரலை அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் அது செய்யவேண்டியதைச் செய்துவிட்டிருந்தது.

எங்கள் சாரதிகளில் ஒருவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். நானா முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவருக்கு இருபத்தைந்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்து, அங்கேயே கலியாணம் கட்டி, மூன்று பிள்ளைகள். சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு தனியே திரும்பி வந்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புத்தளத்தில், இங்கே அவர்களை வைத்திருக்க வீடும் இல்லை, அதனால் மனைவி அங்கேயே இருந்தார். வெள்ளிக்கிழமை வவுனியா ஓட்டத்தை நானா தானே கேட்டு வாங்கிக்கொள்வார். வாகனத்தை வவுனியாவில் ஒப்படைத்துவிட்டு, மாதம் ஒருமுறை புத்தளம் போவார். மற்றக் கிழமைகளில் வவுனியாவில் தங்கை வீடு. ஞாயிறு பின்னேரம் பஸ்ஸில் கிளிநொச்சிக்குத் திரும்பிவிடுவார்.

திங்கள் காலையில் அவர் செய்கிற முதல் வேலை என் மேசைக்கு வருவது.

“தங்கச்சி, எனக்கு எத்தினை சேந்திருக்கு?”

ஒரு கிழமை, இரண்டு கிழமை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு திங்களும் கேட்டால்? எனக்கு முன்கோபம் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் வெடுக்கென்று கேட்டுவிட்டேன்: “என்ன நானா, லீவு லீவெண்டு நிக்கிறியள், லண்டனுக்கோ போகப்போறியள்?”

அவர் சிரித்தார். “இல்லைத் தங்கச்சி. வீட்டில நாலாவது வரப்போகுது.”

அன்றுதான் விஷயம் முழுவதையும் சொன்னார். எங்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைப்பதைப் போல, அவர்களில் ஏழாம் நாள். முடி இறக்கி, பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லுவார்கள்.

“மூத்தவள் பிறக்கேக்கை நான் கொழும்பில லொறி ஓடினனான். ரெண்டாவதுக்குக் குவைத்தில. மூண்டாவதுக்கு வந்துகொண்டுதான் இருந்தனான், பாதையில லொறி படுத்திட்டுது. மூண்டுக்கும் மச்சான்தான் பேர் சொன்னவர். இந்த முறை அவ சொல்லிப்போட்டா, நீங்க வராட்டிப் பேரே வைக்கிறேல்லை, நாலு எண்டுதான் கூப்பிடுறதெண்டு.”

வருட லீவு முழுவதையும் அவர் மாமனார் மௌத்தான செத்த வீட்டோடு முடித்துவிட்டிருந்தார். மிச்சம் இருந்தது மேலதிக நேர லீவு மட்டும். ஐந்து நாள் சேர்த்தால், சனி ஞாயிறோடு ஒரு கிழமை முழுக்க நிற்கலாம். ஐந்து நாள் நிற்பேன் என்று மனைவிக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். அதற்காகத்தான் அவர் மற்றவர்கள் மறுக்கிற ஓட்டங்களையும் ஓடினார். மல்லாவிக்குச் சீமெந்து, முரசுமோட்டைக்குக் கதவு நிலை, எது என்றாலும் “நான் போறன்” என்பார். அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் நானும் அவர் கேட்க முதலே எண்ணைச் சொல்லத் தொடங்கினேன்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நானா லீவுப் படிவத்தோடு வந்தார். ஒரு கிழமைக்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டாராம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் எழுதியிருந்தார். நான் ஷீட்டைத் திறந்தேன். முப்பத்து மூன்று மணித்தியாலம் என்று இருந்தது. நான்கு நாளும் ஒரு மணித்தியாலமும்.

“நாலு நாள்தான் இருக்கு நானா.”

“இல்லைத் தங்கச்சி, நாப்பது தாண்டியிருக்கோணும். நான் எண்ணிக்கொண்டுதான் வாறன்.”

“ஷீட்டில முப்பத்து மூண்டுதான் நிக்குது.”

“திங்களிலயும் நீங்க குறைச்சுத்தான் சொல்லுறனீங்க, கடைசியில கூட்டேக்கை சரிவரும் எண்டு இருந்திட்டன். ஒருக்கா வடிவாப் பாருங்கோ.”

மனேஜர் உள்ளே இருந்தார். இரண்டு சாரதிமார் வாசலில் நின்றார்கள். என் ஷீட்டில் பிழை என்று எல்லோர் முன்னாலும் ஒருவர் சொல்கிறார். எனக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது.

“எல்லாருக்கும் ஒரே ஷீட்தான். உங்களுக்கு மட்டும் அது பிழைக்குமோ? கொம்பியூட்டர் பொய் சொல்லாது நானா.”

அப்படியென்றால் பொய் சொல்வது யார் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாசலில் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். நானா பேனையை வாங்கி, ஐந்தை வெட்டி நாலு என்று எழுதி, வெள்ளிக்குப் பதிலாக வியாழன் என்று மாற்றி, கையெழுத்து வைத்தார்.

“சரி தங்கச்சி. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

மனேஜரிடம் போய், இவருக்கு ஒரு நாள் முன்கூட்டியே கொடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். நாலு அடி தூரம். கேட்கவில்லை. கேட்டால் நானாவின் கணக்கில் ஏதோ நியாயம் இருக்கிறது என்று ஆகிவிடும் என்ற வீம்பு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னால் விழுங்க முடியாதது அந்த நாலு அடிதான்.

பின்னேரம் நானாதான் மனேஜரையும் ஏற்றிக்கொண்டு வவுனியா போனார். அங்கிருந்து புத்தளம். சனிக்கிழமை விடியப் பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை. வவுனியா அலுவலகத்துக்கு வந்த செய்தியை அவர்கள் வயர்லெஸ்ஸில் எங்களுக்குச் சொன்னார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். சனி பிறந்தால் ஏழாம் நாள் வெள்ளி. நானா வெள்ளி காலை இங்கே கையெழுத்து வைக்கவேண்டும். ஒரே ஒரு நாள் இடிக்கிறது. பாவம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் கணக்கு கணக்குத்தானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு நானா வந்து கையெழுத்து வைத்தார். கண் இரண்டும் உள்ளுக்குப் போயிருந்தது. “பிள்ளை எப்பிடி நானா?” என்று கேட்டேன். “நல்லா இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு வாகனம் கழுவப் போய்விட்டார். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

பத்து மணிபோல மனேஜர் தன் பயணப் படிவத்தைக் கொண்டுவந்து போட்டார். போன வெள்ளி வவுனியா போனதற்கான படிவம். வவுனியா அலுவலகத்தை அடைந்த நேரம் ஐந்தரை என்று எழுதியிருந்தார். நானாவின் வெள்ளி ஓட்டம் ஒன்றுக்கு இன்னொருவரின் படிவமும் வந்தது அதுதான் முதல் தடவை. நான், வாகனத்தின் ஓட்ட நேரங்களைச் சாரதி எழுதுகிற ரன்னிங் சாட்டை எடுத்து ஒப்பிட்டேன். அதே வாகனம், அதே ஓட்டம். நானா ஐந்து மணி என்று எழுதியிருந்தார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. மனேஜர் கூட்டி எழுதுகிற ஆள் இல்லை. நானா குறைத்து எழுத என்ன பைத்தியமா? ஒரே வாகனத்தில் இருந்த இரண்டு பேர் எப்படி அரை மணித்தியாலம் வித்தியாசமாக வந்து சேர முடியும்?

அரை மணித்தியாலம்.

எழும்பி வெளியே போனேன். நானா சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சில்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

“நானா, ஓமந்தை தாண்டேக்கை நீங்கள் மணிக்கூட்டைத் திருகிறேல்லையோ?”

“இல்லையே. ஏன்?”

“ஏன் திருகிறேல்லை?” என்றேன். என் குரல் அழுகிற குரலாக இருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைக் காட்டினார். குவைத்தில் வாங்கியது. பக்கத்துக் குமிழ் ஆடிக்கொண்டிருந்தது. “உதை எத்தினை தரம்தான் திருகிறது? கழண்டு விழுந்துபோம்.” பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: “அஞ்சாறு வருசமாப் புத்தளத்தில புது நேரத்தோட இருந்தனான் தங்கச்சி. ஊருக்குத் திரும்பின அண்டு பழசுக்கு வைச்சன். பிறகு மாத்த மனம் வரேல்லை.”

ஆக, நானா எங்கே இருந்தாலும் எழுதியது பழைய நேரம். என் ஷீட்டோ வவுனியா என்று கண்டதும் அதைப் புதிய நேரமென்று எடுத்து, அரை மணித்தியாலத்தை வெட்டியிருக்கிறது. நான் அந்த நிரலைப் போட்டதிலிருந்து, போன கிழமையும் சேர்த்து, பதினாறு வெள்ளிக்கிழமைகள். எட்டு மணித்தியாலம். சரியாக ஒரு நாள்.

எல்லாவற்றையும் அந்த ஈர நிலத்தில் நின்றே சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, இரண்டு தரம் சொன்னேன். நானா தண்ணீர்க் குழாயை நிப்பாட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப பத்தே கால். அங்க பத்தே முக்கால். பேர் சொல்லி முடிஞ்சிருக்கும்.”

நான் அழத் தொடங்கிவிட்டேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. வேறொன்று கேட்டார்.

“அப்ப நான் எண்ணினது சரிதானே, தங்கச்சி?”

“ஓம் நானா. நீங்கள் எண்ணினதுதான் சரி.”

“பஸ்ஸில போகேக்கையும் எண்ணினனான், வரேக்கையும் எண்ணினனான். எனக்கு நாப்பதுக்கு மேலதான் வருது. பிறகு நினைச்சன், நான் எட்டாம் வகுப்பு, கொம்பியூட்டருக்குத் தெரியாததே எனக்குத் தெரியப்போகுது எண்டு. அவவிட்டையும் அப்பிடித்தான் சொன்னனான். நான் பிழையா எண்ணிப்போட்டன், ஒரு நாள் குறையுது எண்டு.”

“அவா என்ன சொன்னவா?”

“நேத்து நான் வெளிக்கிடேக்கை பிள்ளையை மற்றப் பக்கம் திருப்பிப் படுத்திட்டா.”

நாலாவது முறையும் பெயர் சொல்ல இவர் நிற்கவில்லை என்று அந்தப் பெண் நினைத்திருப்பார். நான் கொடுத்த எண்ணுக்காக, தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு இந்த மனிதர் நூறு மைலுக்கு மேல் பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார்.

மனேஜரிடம் போனேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “போன கிழமை ஏன் பிள்ளை என்னட்டைக் கேக்கேல்லை? ஒரு நாள் தந்திருப்பன்தானே” என்றார். அதுதான் அவர் எனக்குத் தந்த தண்டனை. வேறு ஒன்றும் செய்யவில்லை. நானாவை உடனே வெளிக்கிடச் சொன்னார். அந்த ஒரு நாளைத் திங்கட்கிழமைக்குப் போட்டார். அன்றைய வவுனியா ஓட்டத்தை வேறொரு சாரதிக்குக் கொடுத்தார்.

நானா உடுப்பு மாற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இந்த முறை நின்றார்.

“தங்கச்சி, அந்தக் கணக்கை ஒரு தாளில அடிச்சுத் தருவீங்களோ?”

“எதுக்கு நானா? நான் ஷீட்டைத் திருத்திட்டன்.”

“எனக்கில்லை. அவவுக்குக் காட்ட.”

ஜெனரேற்றரை நிப்பாட்ட முன்னர் அடித்தேன். பதினாறு வரிசை. ஒவ்வொரு வெள்ளிக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், நான் வெட்டிய அரை மணித்தியாலம், அடியில் மொத்தம் எட்டு. அதற்குக் கீழே பேனையால் எழுதினேன்: ‘மேலே உள்ள பதினாறு நாட்களிலும் சாரதி எழுதிய நேரம் சரி. அவருக்கு ஐந்து நாள் லீவு இருந்தது. நாலு என்று சொன்னது நான். பிழை என்னுடையது.’ கையெழுத்து வைத்தேன். அதுவும் போதாது போலிருந்தது. யாரையும் கேட்காமல் அலுவலக முத்திரையை எடுத்து அடியில் ஒன்று குத்தினேன். நானா அதை மடிக்காமல், ஒரு பழைய ஃபைலுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை அவர் வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஏழரைக்கு வந்தார், கையெழுத்து வைத்தார். நான் கேட்கப் பயந்துகொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். அவரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

“போய்ச் சேர அண்டு இருட்டிட்டுது. சனி விடியத்தான் தாளைக் குடுத்தனான். குசினியில அடுப்படியில குந்தியிருந்து பாத்தா. ஒவ்வொரு வரியா விரல் வைச்சுப் பதினாறையும் எண்ணினா. கீழ நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சா.”

“கோபமோ நானா?”

“என்னோடயோ, உங்களோடயோ?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“தாளை வைச்சிட்டு எழும்பிப் போனா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என்ர மடியில வைச்சா. இப்ப சொல்லுங்கோ எண்டா. நான் சொன்னன், பேர்தான் நேத்தே மச்சான் சொல்லியாச்சே எண்டு. அவ சொல்லுறா, அது பிள்ளைக்குத் தெரியுமே, நீங்க சொல்லுங்கோ எண்டு.”

“சொன்னீங்களோ?”

“சொன்னனான் தங்கச்சி. மூண்டு தரம் சொன்னனான்.”